எரிந்ததா? எரித்தார்களா?

(‘செய்தி ஊடகங்கள் உண்மையைக் காட்டுகின்றனவா, மறைக்கின்றனவா?’ என்ற தலைப்பில் திருச்சி புத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘மறைக்கின்றன’ அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. “இந்தக் காலத்துல எதைய்யா மறைக்க முடியும்? ஆளுக்கு ஒரு செல்போன், செல்போனுக்கு ரெண்டு கேமரா. பாலஸ்தீனத்துல ஒரு கிராமம் பற்றி எரிஞ்சா, அடுத்த நிமிஷம் புத்தூர் நால்ரோட்டு டீக்கடையில தெரியுது. இதுக்கு மேல என்ன காட்டணும்?” அப்படீன்னாங்க. நல்ல கேள்வி. நீங்க எல்லாம் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, அந்தக் கேள்விக்குள்ளேயே என் பதில் உட்கார்ந்திருக்கு. “கிராமம் பற்றி எரிஞ்சா” என்றார்களே, கிராமம் எப்படிம்மா தானாப் பற்றி எரியும்? அது என்ன கார்த்திகைக்கு வெச்ச சொக்கப்பனையா? அதுக்கே ஒருத்தர் தீ வைக்கணுமே! (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். என்கிட்ட மாட்டினா இலக்கணம் சொல்லித்தான் விடுவேன். விறகு எரிந்தது. இது தன்வினை. விறகை எரித்தாள். இது பிறவினை. எரிந்த, எரித்த. ரெண்டுக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம்? ஒரே ஒரு புள்ளி வெச்ச எழுத்து. ‘ந்’ போட்டால் எரிந்தது, ‘த்’ போட்டால் எரித்தது. ‘ந்’ மெல்லினம். ‘த்’ வல்லினம். மெல்லினம் போட்டா அங்கே ஆளே கிடையாது, வீடு தானா எரிஞ்சு போச்சு. வல்லினம் போட்டா, கையில தீப்பந்தத்தோட ஒருத்தன் நிக்கிறான். அந்த ஒரு ‘த்’தைத்தான் நான் பத்திரிகைகளில் தேடிக்கிட்டு இருக்கேன். (கைதட்டல்)

இன்னொரு சொல் இருக்கு. ‘மோதல்’. செய்தித்தாளுக்குச் செல்லப்பிள்ளை இந்தச் சொல். இலக்கணத்தில் இது தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது. யார் செய்தான் என்று ஆளையும் காட்டாது. யார் மோதினான், எப்போ மோதினான், யார் வீட்டு வாசல்ல வந்து மோதினான், ஒண்ணும் தெரியாது. எழுவாய் தலைமறைவு! போலீஸ் தேடுது! (சிரிப்பு)

நம்ம ஊர்லயே வெச்சுப் பாருங்க. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமா ஒரு வீடு. ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பேர் கதவை உடைச்சு உள்ளே வர்றான். அண்டா குண்டாவை எடுத்து வெளியே வீசறான். வீட்டுக்காரர் அறுபது வயசு மனுஷன். என்னடா இதுன்னு ஒருத்தனைப் பிடிச்சுத் தள்ளறார். அவன் படியில விழுந்து முழங்கை சிராய்க்குது. இவருக்கு மண்டை உடையுது. மறுநாள் செய்தி: “புத்தூரில் இரு தரப்பினர் மோதல், இருவர் காயம்.” இதுல ஏதாவது பொய் இருக்கா? இல்லை. ரெண்டு தரப்பு, ரெண்டு காயம், புத்தூர், எல்லாம் சரி. ஆனா நடந்தது அதுவா?

1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. நமக்குக் கிழக்கே, அன்றைய தஞ்சை மாவட்டம். அரைப்படி நெல் கூடக் கேட்ட கூலித் தொழிலாளர் குடும்பங்கள். உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களை, பெண்களும் குழந்தைகளுமாக, அந்தக் குடிசையோடு கொளுத்தினார்கள். 44 பேர். அந்தச் செய்தி விவசாயிகளுக்குள்ளே ஏதோ மோதல் என்கிற பாணியில்தான் முதலில் பலருக்குப் போய்ச் சேர்ந்தது. செத்தது கூலிக்காரன், கொளுத்தியது நிலக்காரன் என்பது பின்னால் மெதுவாகத்தான் தெரிந்தது. அப்போ செல்போன் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். செல்போன் காலத்துக்கும் வருகிறேன். அதுக்கு முன்னால், சகோதரி பாலஸ்தீனம் என்று சொன்னதால், அதே மாதிரி நிலத்துக்காக வந்த வன்முறை நம்ம மொழி பேசுகிற சனத்துக்கு எப்படி நடந்தது என்பதை இலங்கையில் இருந்து சொல்லணும். அங்கே போய்ட்டுத்தான் மேற்குக் கரைக்குப் போகணும்.

ஒரு குடியேற்றம் வரும்போது, முதல் செய்தி நல்ல செய்தியாகத்தான் வரும். அணை கட்டுகிறோம், தண்ணீர் வருகிறது, ஏழைக்கு நிலம் கொடுக்கிறோம். யார் வேண்டாம் என்பார்? கல்லணை இருக்கிற ஊர்க்காரன் அணையைப் பழிப்பானா? 1949-இல் இலங்கையின் கிழக்கே கல் ஓயா திட்டம் தொடங்கியது. கல் ஓயா என்பது சிங்களப் பேர். தமிழில் அது பட்டிப்பளை ஆறு. அன்றைக்கு அது மட்டக்களப்பு மாவட்டம். பெரிய நீர்த்தேக்கம் வந்தது. பிரதமர் சேனநாயக்கா பேரை அதற்கு வைத்தார்கள். தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் சிங்களக் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வந்தவனும் ஏழைதான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா யாரை எங்கே குடிவைப்பது என்று தீர்மானித்தவன் ஏழை இல்லை. அவன் கையில் வரைபடம் இருந்தது. எந்த ஊரில் எந்த மொழிக்காரன் எத்தனை பேர் இருந்தால் தேர்தலில் என்ன ஆகும் என்ற கணக்கும் இருந்தது.

1956 ஜூன். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வருகிறது. ஜூன் 5-ஆம் தேதி கொழும்பு காலிமுகத் திடலில் தமிழர்கள் அமைதியாக சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அவர்களை அடித்தார்கள். அடுத்த வாரம் கல் ஓயாவில் ஒரு வதந்தி. மட்டக்களப்பில் ஒரு சிங்களப் பெண்ணைத் தமிழர்கள் கெடுத்துத் தெருவில் நடத்திப் போனார்கள் என்று. பின்னால் விசாரித்தால் அப்படி ஒரு பெண்ணே இல்லை, அப்படி ஒரு சம்பவமே இல்லை. ஆனால் அதற்குள் குடியேற்றக்காரர்களும் திட்டத்தில் வேலை செய்த ஆட்களும் அரசாங்க வண்டிகளையே எடுத்துக்கொண்டு, பாறை உடைக்க வைத்திருந்த வெடிமருந்தையும் எடுத்துக்கொண்டு தமிழர்கள் மேல் பாய்ந்துவிட்டார்கள். செத்தவர்கள் நூற்றைம்பதுக்கு மேல் என்று ஒரு கணக்கு. குறைவாகச் சொல்கிற கணக்கும் உண்டு. கணக்கே ஒன்றாக இல்லை பார்த்தீங்களா? யாரும் சரியாக எண்ணவில்லை. அணை திறந்த அன்னைக்கு எத்தனை ஏக்கர், எத்தனை கனஅடி என்று அத்தனையும் எண்ணினார்கள்.

இப்போ 1958. இதை நிதானமாச் சொல்றேன், ஏன்னா இதுலதான் என் வழக்கு இருக்கு. நீர்ப்பாசனக் குடியேற்றங்கள் நிறைந்த இன்னொரு வட்டாரம் பொலன்னறுவை. நில மேம்பாட்டு வேலையில் இருந்த ஆட்கள் கும்பல் கும்பலாகச் சேர்ந்து தங்களுக்கு ‘சிங்கள ஹமுதாவ’ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். சிங்களச் சேனை என்று அர்த்தம். மே 22-ஆம் தேதி பொலன்னறுவை ரயில் நிலையத்தில் புகுந்து, தமிழர் இருக்கிறார்களா என்று தேடி அடித்தார்கள். மே 25 இரவு, அரசாங்கப் பண்ணையில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். கரும்புக்குத் தீ வைத்தார்கள். வெளியே ஓடிவந்தவர்களை வெட்டினார்கள். குழந்தைகள் உட்கார்ந்திருக்கிற சபை, இதோடு நிறுத்திக்கிறேன். அங்கே சிங்கள அதிகாரிகளே சிலர், போதுமான ஆள் பலம் இல்லாமல், தமிழர்களைக் காப்பாற்றப் போராடினார்கள் என்பதையும் சொல்லணும். சொல்லாமல் விட்டால் நானும் மறைக்கிற அணிதான்.

மே 26. பிரதமர் பண்டாரநாயக்கா வானொலியில் பேசுகிறார். நாடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. என்ன சொன்னார்? மட்டக்களப்புப் பகுதியில் சில சம்பவங்கள் நடந்தன, நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனவிரத்ன உள்ளிட்ட சிலர் உயிரிழந்தார்கள், அதன் விளைவாகத்தான் பொலன்னறுவையிலும் மற்ற ஊர்களிலும் வன்முறை வந்தது என்கிற பொருளில் சொன்னார். செனவிரத்ன செத்தது உண்மை. கொலைதான். பாவம்தான். ஆனால் அவர் செத்தது என்றைக்கு? மே 25. பொலன்னறுவையில் அடி தொடங்கியது என்றைக்கு? மே 22. இருபத்தைந்தில் நடந்த சாவு எப்படி ஐயா இருபத்திரண்டில் நடந்த அடிக்குக் காரணமாகும்? அப்பன் கல்யாணத்துக்குப் பிள்ளை பத்திரிகை கொடுக்கப் போன கதையால்ல இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சிட்டோம். ஆனா அன்றைக்கு வானொலியில் கேட்டவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘தமிழன் கொன்றான், அதனால் சிங்களவன் அடித்தான்’ என்று அவன் காதில் விழுந்தது. மறுநாள் மே 27 அவசரநிலை, பத்திரிகைத் தணிக்கை. தேதியைத் திருப்பிக் கேட்க வேண்டிய பத்திரிகையின் வாயைக் கட்டியாயிற்று. ‘சிலோன் அப்சர்வர்’ பத்திரிகையின் ஆசிரியர் டார்ஸி விட்டாச்சி. சிங்களவர். தன் பத்திரிகையில் எழுத முடியாததை எல்லாம் ‘எமர்ஜென்சி 58’ என்று ஒரு புத்தகமாக எழுதினார். அதே வருஷம் லண்டனில்தான் அதை அச்சிட வேண்டியிருந்தது. இந்த இருபத்திரண்டு, இருபத்தைந்து தேதிக் கணக்கை ஊருக்குச் சொன்னவர் அவர்தான். அவர் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. 1959-இல் மகசேசே விருது கொடுத்தார்கள். எதிரணி நண்பர் “உண்மை சொன்ன பத்திரிகைக்காரனே இல்லையா?” என்று கேட்டாரே, இருக்கிறார், இதோ. அவருக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். ஆனா அவர் உண்மையைச் சொல்லப் பத்திரிகையை விட்டு வெளியே வரவேண்டியிருந்தது என்பதுதான் எங்கள் கட்சி!

நான் கேட்பது தேதிதான் நடுவர் அவர்களே. கதையை எந்தத் தேதியில் தொடங்குகிறாய்? பாண்டியனிடம் பொற்கொல்லன் என்ன சொன்னான்? கோவலன் கையில் சிலம்பு இருக்கிறது என்றான். பொய்யா? இல்லையே, இருந்தது! காவலர் போய்ப் பார்த்தார்கள், சிலம்பு இருந்தது. செய்தி ‘உறுதி செய்யப்பட்டது’. அந்தச் சிலம்பு புகாரிலிருந்து யார் காலில் வந்தது என்கிற முன்கதையை மட்டும் பொற்கொல்லன் விட்டுவிட்டான். அரசனும் கேட்கவில்லை. மதுரை போச்சு.

இதே தேதிக் கணக்கு எங்களைத் தாக்கும் இடத்திலும் சொல்கிறேன். 1977 கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட மலையகத் தமிழர்கள். யார் அவர்கள்? நம்ம திருச்சி, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கங்காணி பின்னால் கப்பலேறின சனத்தின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்கு ‘காந்தியம்’ என்ற தொண்டு அமைப்பு வடக்கே வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் பண்ணைகளில் இடம் கொடுத்தது. கென்ட் பண்ணை, டாலர் பண்ணை என்று பேர். 1984-இல் அவர்களை அங்கிருந்து லாரியில் ஏற்றி விரட்டிவிட்டு, சிங்களச் சிறைக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடிவைத்தது அரசாங்கம். அந்த விரட்டல் எத்தனை பத்திரிகைக்கு முதல் பக்கம்? நவம்பர் 30-ஆம் தேதி புலிகள் அந்தப் பண்ணைகளில் புகுந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. அது படுகொலை. அதற்கு வேறு பேர் என்னிடம் இல்லை. உலகத்துக்கே செய்தி போனது, போகவேண்டியதுதான். ஆனால் உலகத்துக்கு அந்த இடத்தின் கதை நவம்பர் 30-இல் பிறந்தது. டிசம்பரில் பக்கத்துத் தமிழ்க் கிராமங்கள், கொக்கிளாய், தென்னமரவாடி என்று ஒவ்வொன்றாகக் காலியானபோது அது ‘பாதுகாப்பு நடவடிக்கை’. மணலாறு என்ற பேரே பின்னால் வெலி ஓயா ஆனது. வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. மொழிபெயர்ப்பு பிரமாதம்! ஊர்க்காரன்தான் இல்லை.

அப்படி ஓடினவர்களில் எத்தனையோ பேர் மண்டபத்தில் கரையேறி, தமிழ்நாடு முழுக்க முகாம்களில் வந்து உட்கார்ந்தார்கள். நம்ம ஏர்போர்ட் பக்கம் கொட்டப்பட்டில் ஒரு முகாம் இருக்கே, இங்கே இருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். அந்த வழியா எத்தனை தரம் போயிருப்போம்!

இப்போ மேற்குக் கரைக்கு வருவோம். 1967 போரில் இஸ்ரேல் பிடித்த நிலம். அங்கே இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட யூதக் குடியேற்றக்காரர்கள். கிழக்கு ஜெருசலேம் இதில் சேராது. ஒரே குன்றில் குடியேற்றக்காரன் தப்பு செய்தால் இஸ்ரேலின் சிவில் சட்டம். பாலஸ்தீனன் செய்தால் ராணுவ நீதிமன்றம். 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் அந்த ஆக்கிரமிப்பே சட்டத்துக்குப் புறம்பு என்று கருத்துச் சொன்னது. 2023 பிப்ரவரி 26, ஹுவாரா என்ற ஊர். பகலில் இரண்டு யூத சகோதரர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதுவும் கொலைதான். ராத்திரி நூற்றுக்கணக்கான குடியேற்றக்காரர்கள் அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளையும் கார்களையும் கொளுத்தினார்கள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாலஸ்தீனர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் ஒருவன், எரித்தது ஊரையே. அங்கிருந்த இஸ்ரேலியத் தளபதியே அதைக் கலவரம் என்று சொல்லவில்லை; ‘போக்ரோம்’ என்றார். அந்தக் காலத்து ரஷ்யாவில் யூதர்களைத் தேடித் தேடி அடித்ததற்கு இருந்த பேர் அது. தளபதிக்கு வாயில் வந்த சொல், எத்தனையோ செய்தி அறைகளுக்கு வரவில்லை. அங்கே ‘மோதல்’தான் ஓடியது.

ஏன் வரவில்லை? எல்லாரும் கெட்டவர்களா? இல்லை ஐயா. நிருபர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஷிரீன் அபு அக்லே என்ற அம்மா, 2022 மே 11 அன்று, ‘பத்திரிகை’ என்று எழுதின சட்டையைப் போட்டுக்கொண்டே சுடப்பட்டுச் செத்தார்கள். யாழ்ப்பாணத்தில் நிமலராஜன், 2000-இல் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். நான் சொல்வது செய்தி சமைக்கிற அடுப்பங்கரையை. ராணுவத்தின் அறிக்கை உடனே வந்துவிடும். நல்ல ஆங்கிலத்தில், அப்படியே அச்சில் ஏற்றுகிற பக்குவத்தில் வரும். கிராமத்துக் கிழவி சொல்வதைக் கேட்க ரோடு திறந்திருக்கணும், மொழி தெரிஞ்சிருக்கணும், அவள் அழுது முடிக்கணும். பத்து மணிக்குப் பக்கம் முடிக்கணும் என்றால் எது ஏறும்? நம்ம ஊரில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு எஃப்.ஐ.ஆரைக் கேட்டு எழுதுகிற மாதிரிதான். சமையல்காரர் நல்லவர், கடையில் கிடைத்த காய் அது ஒண்ணுதான்.

இன்னொரு காரணம், நடுநிலை. எதிரணித் தலைவர் நடுநிலை, நடுநிலை என்று ஏழு தரம் சொன்னார். நான் காந்தி மார்க்கெட்டுக்குப் போறவன். தராசு நடுநிலையானதுதான். அதுக்காக ஒரு தட்டில் கால் கிலோ, மறு தட்டில் பத்து கிலோ வெச்சாலும் முள் நடுவுலயே நின்னா, அந்தத் தராசை நாம மெச்சுவோமா, கடைக்காரன் சட்டையைப் பிடிப்போமா? (கைதட்டல்)

கடைசியா சகோதரியின் கேமராவுக்கு வர்றேன். நியாயமான பேச்சு. 2007-இலேயே இஸ்ரேலில் ‘பெத்சேலம்’ என்ற மனித உரிமை அமைப்பு பாலஸ்தீனக் கிராமத்து மக்கள் கையில் கேமரா கொடுத்தது. கொடுத்தவர்களும் இஸ்ரேலியர்கள்தான், இதையும் மறைக்க மாட்டேன். மஸாஃபர் யாட்டா என்ற கிராமங்கள் இடிக்கப்படுவதை இரண்டு பாலஸ்தீனர்களும் இரண்டு இஸ்ரேலியர்களும் சேர்ந்து படம் எடுத்து, 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கினார்கள். ‘நோ அதர் லேண்ட்’ என்று பேர். உலகமே பார்த்தது. அதே மாதம் 24-ஆம் தேதி அந்த இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லாலை அவர் ஊரிலேயே குடியேற்றக்காரர்கள் அடித்தார்கள். ஆம்புலன்ஸில் இருந்தவரை ராணுவம் பிடித்துக்கொண்டு போய் மறுநாள்தான் விட்டது. ராணுவத்தின் அறிக்கை என்ன? பயங்கரவாதிகள் கல்லெறிந்தார்கள், பிறகு இரு பக்கமும் கல்லெறிந்து வன்முறை மோதல் ஏற்பட்டது. ஆஸ்கர் வாங்கினாலும் மோதல்தான்! (சிரிப்பு)

அந்தப் படத்துக்கு உதவி செய்த இன்னொருவர் அவ்தா ஹதாலீன். உம் அல்-கைர் என்ற சின்னக் கிராமம். ஆங்கில ஆசிரியர். என் ஜாதி, வாத்தியார் ஜாதி. 2025 ஜூலை 28. குடியேற்றக்காரர் ஒருவர் துப்பாக்கியோடு நிற்பதைத் தூரத்தில் நின்று தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் துப்பாக்கி வெடித்தது. படத்தில் வெடிச் சத்தம் கேட்கிறது, எடுத்தவர் கை சரிகிறது. கேமரா யார் கையில் இருந்ததும்மா? செத்தவர் கையில். இதுக்கு மேல ஒரு சாட்சி கிடையாது. துப்பாக்கி வைத்திருந்தவர் தற்காப்பு என்றார்; முதலில் வீட்டுக்காவல், சில நாளில் அதுவும் இல்லை. செத்தவர் உடலைத்தான் போலீஸ் தராமல் வைத்திருந்தது. உடலைக் கொடு என்று அந்தக் கிராமத்துப் பெண்கள் அறுபது பேருக்கு மேல் சோறு தண்ணியை விட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 7-ஆம் தேதி அடக்கம் செய்தார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அந்தப் பத்து நாளில் நம்ம வீட்டு டி.வி.யில் அந்தப் பெண்கள் எத்தனை நிமிஷம் வந்தார்கள் என்று எதிரணி நண்பர்கள் தங்கள் முறையில் சொல்லட்டும்.